ஏழரை லட்சம் கொடுத்து நெல் களத்துல ஓட்டின ஸ்போர்ட்ஸ் கார்

போன வாரம் எங்க ஊர் சுசீந்திரத்துல மார்கழித் திருவிழாவின் ஒன்பதாம் நாள் தேரோட்டம் முடிஞ்சுது. கூட்டத்துல நின்னு வடம் பிடிச்சுட்டு, வேர்வையோட என் கூட்டுக்காரன் வீட்டுக்குப் போனேன். அவங்க அம்மா சுக்குக் காப்பி கொடுத்துட்டு, பின்பக்க ஷெட்டைக் கைகாட்டிச் சொன்னாங்க: "பாத்தியா மக்களே, தாணுமாலயன் தேராவது வருசத்துக்கு ஒரு தடவ தெருவுக்கு வருது. இவன் தேரு அதுக்கும் வழியில்லாம கெடக்கு."

ஷெட்டுல நீலத் தார்ப்பாய்க்குக் கீழ இருக்கிறது ஒரு ஸ்போர்ட்ஸ் கார். ஒரிஜினல் இல்ல, ரெப்ளிகா. ரெண்டு பேர் மட்டும் உட்காரலாம், கதவு கிடையாது, கூரையும் கிடையாது. பழைய லோட்டஸ் செவன் மாதிரி நீளமான மூக்கு, வெளிய தள்ளின முன் சக்கரம். ஆர்டர் கொடுத்துக் கட்டி வாங்கினது. விலை 7.5 லட்சம், காத்திருந்தது 19 மாசம். வாங்கினவன் திருவனந்தபுரம் டெக்னோபார்க்ல வேலை பாக்கிறான், கைக்கு வர்ற சம்பளம் 62,000. நாகர்கோவில்ல இருந்து தினமும் ட்ரெய்ன்ல சீசன் டிக்கெட்.

"இந்தக் காசை இண்டெக்ஸ் ஃபண்டுல போட்டிருந்தா..."ன்னு நான் ஆரம்பிப்பேன்னு எதிர்பார்ப்பீங்க. அதை எழுதப் போறதில்ல. அவன் புகை பிடிக்க மாட்டான், குடிக்க மாட்டான், வருஷத்துக்கு ஒரு போன் மாத்துற ஆளும் இல்ல. எட்டாம் கிளாஸ் நோட்டு அட்டையில இருந்து அவன் வரைஞ்சது இந்தக் காரைத்தான். சம்பளம் வாங்குறது சேமிக்க மட்டும்தான்னா எதுக்கு இந்த ஓட்டம்? அதனால காரை நான் தப்பு சொல்லல. காசு கொடுத்த வரிசையைத்தான் தப்பு சொல்றேன். நாளைக்கு நீங்க இன்டீரியர் வேலைக்கோ, கஸ்டம் பைக்குக்கோ, கல்யாண போட்டோகிராபருக்கோ அட்வான்ஸ் கொடுத்தாலும் இதே வரிசைதான் வரும்.

முதல்ல ரெப்ளிகான்னா என்னன்னு பார்த்துருவோம். 1962-ல செய்த முதல் ஷெல்பி கோப்ரா 2016-ல அமெரிக்காவுல ஏலத்துக்கு வந்து 1.375 கோடி டாலருக்குப் போச்சு. உங்களுக்கும் எனக்கும் அது ஆகாது. அதனால அதே உருவத்தை ஃபைபர்ல வார்த்து, சாதாரண வண்டியோட இன்ஜினைப் போட்டு, கட்டுப்படியாகிற விலைக்குக் கொடுக்கிற தொழில் உலகம் முழுக்க இருக்கு. லோட்டஸ் செவன் கதை இன்னும் சுவாரஸ்யம். 1957-ல வந்தப்ப பாகம் பாகமா கிட்டாவும் வித்தாங்க. முழுக் காருக்கு பிரிட்டன்ல பர்ச்சேஸ் டாக்ஸ் உண்டு, கிட்டா வாங்கி வீட்டுல பூட்டினா கிடையாது. அதாவது இந்த மாடல் பிரபலமானதுல ஒரு பெரிய பங்கு வரி மிச்சம்! 1973-ல அங்க வாட் வரி வந்ததும் அந்தச் சலுகை போச்சு. அதே வருஷம் கேட்டர்ஹாம் கம்பெனி உரிமையை வாங்கி இன்னைக்கு வரைக்கும் அதைத் தயாரிக்குது.

நம்ம நாட்டுலயும் முயற்சி நடந்திருக்கு. கோவாவுல சான் ஸ்டார்ம்னு ரெண்டு சீட் திறந்த கார் வந்துது, ஃபைபர் பாடி, ரெனோவோட சின்ன பெட்ரோல் இன்ஜின். அப்புறம் சிங்காரா ரோட்ஸ்டர். அது லோட்டஸ் செவன் சாயல்ல வந்த வண்டி. உள்ள இருந்தது அம்பாசிடர்ல போட்ட அதே 1.8 லிட்டர் இசுசு இன்ஜின். கோயம்புத்தூர்ல எஸ். கரிவர்தன் மாருதி 800 இன்ஜினை வச்சு ஒத்தை சீட் ரேஸ் காரே கட்டினார். ஃபார்முலா மாருதின்னு பேரு. நரேன் கார்த்திகேயன் ஆரம்பத்துல ஓட்டினது அந்த வகை கார்தான். ஆக, நம்ம ஆளுங்களுக்குக் கட்டத் தெரியாதுன்னு யாரும் சொல்ல முடியாது. அதை ரோட்டுல விடுறதுக்கான பேப்பர்தான் சிக்கல். அதுக்குப் பிறகு வர்றேன்.

என் கூட்டுக்காரன் ஒரு ஐப்பசி மாசம், வேற மாநிலத்துல இருக்கிற ஒரு ஒர்க்‌ஷாப்புக்கு முதல் 3 லட்சம் அனுப்பினான். பேரு வேண்டாம். ஃப்டியை உடைச்ச காசு அது. "அஞ்சு மாசத்துல வண்டி உங்க வாசல்ல நிக்கும் சார்"னு வாய்ஸ் மெசேஜ். அக்ரிமென்ட் கிடையாது. எழுதி வாங்குலேன்னு நான் சொன்னதுக்கு, "அவரு ஒரு ஆர்ட்டிஸ்ட் மக்கா, அவருகிட்ட போயி ஸ்டாம்ப் பேப்பர் நீட்ட முடியுமா"ன்னான்.

பங்குனி வந்துது, வண்டி வரல. சித்திரையில ஒரு போட்டோ வந்துது. துருப்பிடிச்ச கம்பி நாலு, பக்கத்துல ஒரு வெல்டர். "சேசிஸ் ரெடி. அடுத்த 3 லட்சம் போட்டா ஃபைபர் வேலையை ஆரம்பிச்சுருவோம்." வாசல்ல நிக்க வேண்டிய வண்டி கம்பியா கிடக்கு, அப்பவும் இவன் காசு போட்டான். ஏன்? போட்ட 3 லட்சத்தைக் காப்பாத்த. கையில இல்லாததால பர்சனல் லோன். கார் லோன் கேட்டுப் பார்த்தான், வங்கியில "எந்த கம்பெனி, எந்த மாடல், டீலர் கொட்டேஷன் எங்க"ன்னு கேட்டாங்க, இவன்கிட்ட இருந்தது வாட்ஸப் போட்டோ. அந்த மறுப்பே ஒரு இலவச ஆலோசனை. வங்கி அடமானம் பிடிக்க யோசிக்கிற பொருளுக்கு நாம முழுக் காசை முன்னாடியே கொடுக்கிறோம்னா, யாரோ ஒருத்தர் கணக்குத் தப்பு. பெரும்பாலும் அது வங்கி இல்ல.

கணக்கைப் போடுவோம். முதல் 3 லட்சம் 19 மாசம் சும்மா கிடந்துது. 7% எஃப்டின்னு வச்சாலே போன வட்டி 33,250 ரூபாய். ரெண்டாவது 3 லட்சம் 14% பர்சனல் லோன், 36 மாசம். இஎம்ஐ சுமார் 10,250. முடியுறப்ப கட்டின வட்டி மட்டும் 69,000 கிட்ட. ரெண்டையும் கூட்டினா ஒரு லட்சத்துக்கு மேல. அதுவும் போக, வண்டி வர்றதுக்கு முன்னாடியே 13 இஎம்ஐ கட்டி முடிச்சிருந்தான். இல்லாத காருக்கு மாசம் பத்தாயிரம்!

இங்க ஒரு விஷயத்தை எல்லாரும் தப்பாப் புரிஞ்சுக்கிறோம். அட்வான்ஸ்னா "புக்கிங்"னு நினைக்கிறோம். நம்ம அப்பா காலத்து பழக்கம் அது. பஜாஜ் சேத்தக்குக்கு வருஷக்கணக்குல காத்திருந்த காலத்துல புக்கிங்கே ஒரு சொத்து. வண்டி கைக்கு வந்த அன்னைக்கே மேல காசு வச்சு வித்தவங்க உண்டு. அந்தப் பக்கம் நின்னது பெரிய கம்பெனி, வண்டி கட்டாயம் வரும், எப்ப வரும்ங்கிறதுதான் கேள்வி. அஞ்சு பேர் வேலை செய்யுற ஒர்க்‌ஷாப்புக்கு நீங்க கொடுக்கிற அட்வான்ஸ் வேற ஜாதி. அது வட்டியில்லாக் கடன். ஜாமீன் கிடையாது, தவணைத் தேதி கிடையாது, கடன் வாங்கினவர் வேற யாருக்கெல்லாம் கடன்பட்டிருக்கார்னும் தெரியாது. உங்க 3 லட்சத்துல அவர் உங்களுக்கு முன்னாடி ஆர்டர் கொடுத்தவனோட காரை முடிப்பார். உங்க கார் அடுத்து வர்றவனோட அட்வான்ஸ்ல முடியும். புது ஆர்டர் நின்ன அன்னைக்கு எல்லா காரும் நிக்கும். அவரை மோசடிக்காரர்னு சொல்லல. கைமுதல் இல்லாம தொழில் பண்ற நல்ல மனுஷனுக்கும் இதேதான் நடக்கும்.

ஃப்ளாட் வாங்குறப்ப இதுக்கு ஒரு சட்டம் இருக்கு. ரெரா படி, பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாம பில்டர் 10 சதவீதத்துக்கு மேல வாங்கக் கூடாது. வாங்குறதுல 70 சதவீதத்தை அந்தக் கட்டடத்துக்குன்னே தனி அக்கவுன்ட்ல வைக்கணும். கஸ்டம் கார், கஸ்டம் பைக், மாடுலர் கிச்சன் எதுக்கும் அப்படி ஒண்ணு கிடையாது. அதனால அந்தச் சட்டத்தை நாமளே எழுதிக்கணும். நான் எழுதியிருந்தா இப்படி எழுதியிருப்பேன்: ஆர்டருக்கு 10 சதவீதம், அதுக்கு மேல எல்லாம் நேர்ல போய் பார்த்த வேலைக்கு மட்டும். இன்ஜின் வாங்கினாங்கன்னா அந்த பில் என் பேர்ல. கடைசி 30 சதவீதம், ஆர்சி என் கையில வந்த பிறகு. ஒத்துக்கலைன்னா? சலாம் போட்டுட்டு வந்துரணும். எந்த நல்ல ஒர்க்‌ஷாப்பும் இதுக்கு ஒத்துக்காதுன்னு அவன் சொல்றான். இருக்கலாம். அப்ப 7.5 லட்சத்துல அந்தக் கார் கிடைக்காதுங்கிறதுதான் உண்மை விலை.

இப்ப பேப்பர். ஒர்க்‌ஷாப் செய்தது என்னன்னா, ஒரு பழைய செடான் காரை எடுத்து, அதோட இன்ஜின், கியர்பாக்ஸ், சேசிஸ் நம்பரை வச்சுக்கிட்டு, மேல உள்ளதை வெட்டி எறிஞ்சுட்டு புது உடம்பு மாட்டினாங்க. ஆர்சியில இப்பவும் அஞ்சு சீட் செடான். ஷெட்டுல நிக்கிறது கதவில்லாத ரெண்டு சீட்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ல 52-ஆம் பிரிவுன்னு ஒண்ணு இருக்கு. தயாரிப்பாளர் ஆரம்பத்துல குறிப்பிட்டதுக்கு மாறா, ஆர்சி விவரம் பொருந்தாத மாதிரி வண்டியை மாத்தக் கூடாதுன்னு அது சொல்லுது. கேரளாவுல இருந்து போன ஒரு வழக்குல 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி பண்ணிச்சு. சரி, பழைய காரே வேண்டாம், புதுசாவே கட்டினா? அப்ப மாதிரி வண்டியைக் கொடுத்து டைப் அப்ரூவல் வாங்கணும். புனேயில ஏஆர்ஏஐ, நம்ம ஒரகடத்துல ஜிஏஆர்சி மாதிரி இடங்கள்ல சோதனை. ஆயிரக்கணக்குல விக்கிற கம்பெனிக்கு அந்தச் செலவு ஒரு காருக்குப் பைசாக் கணக்கு. வருஷத்துக்கு நாலு கார் கட்டுறவருக்கு அது கட்டுபடியாகாது. பிரிட்டன்ல கிட் கார் கட்டுறவங்களுக்குன்னு ஒத்தை வண்டிக்கே ஐவிஏன்னு ஒரு டெஸ்ட் வச்சிருக்காங்க. அமெரிக்காவுல ஒரு கம்பெனி வருஷம் 325 ரெப்ளிகா வரை விக்கலாம்னு 2015-லயே சட்டம் போட்டாங்க, விதிமுறை 2021-லதான் வந்துது. காத்திருக்கிறது நம்ம ஊர் வியாதி மட்டும் இல்ல போல.

"விண்டேஜ்னு பதிவு பண்ணிரலாம்லா?"ன்னு இவன் ஒரு ராத்திரி போன் பண்ணினான். 2021-ல வந்த விண்டேஜ் பதிவு, முதல் பதிவுல இருந்து 50 வருஷம் தாண்டின, பெருசா மாத்தாத ஒரிஜினல் வண்டிக்கு. பழசு மாதிரி இருக்கிற புதுசுக்குக் கிடையாது.

வேற மாநிலத்து வண்டி இங்க 12 மாசத்துக்கு மேல இருந்தா நம்ம ஆர்டிஓவுல நம்பர் மாத்தணும். டிஎன் 74 வாங்க நாகர்கோவில் ஆர்டிஓ ஆபீசுக்கு வண்டியோட போனா, பேப்பரையும் வண்டியையும் மாறி மாறிப் பார்ப்பாங்க. அதுக்கு மேல என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். இன்சூரன்ஸ்? ஃபைபர் பாகங்களுக்கு க்ளெய்ம்ல 30% தேய்மானம் கழிப்பாங்க, அது ஊரறிஞ்ச கணக்கு. அந்த அளவுக்குப் போறதுக்கு முன்னாடியே, "நாங்க இன்சூர் பண்ணினது செடான், இது என்ன?"ன்னு கேட்டா இவன்கிட்ட பதில் இல்ல. யாரையாவது இடிச்சுட்டா இன்னும் மோசம். கோர்ட் இன்சூரன்ஸ் கம்பெனியை முதல்ல கொடுக்கச் சொல்லிட்டு, அப்புறம் வண்டிக்காரன்கிட்ட வசூல் பண்ணிக்கச் சொல்லலாம். அந்தத் தொகைக்கு முன்னாடி இந்த ஏழரை லட்சம் ஒண்ணுமே இல்ல.

இதெல்லாம் எனக்கும் அவனுக்கும் எப்பத் தெரிஞ்சுது? கடைசி 1.5 லட்சமும் போய், வண்டி லாரியில ஏறின பிறகு. நான் பர்சனல் ஃபைனான்ஸ் பேசுறவன். வட்டி, இஎம்ஐ, ரீசேல் எல்லாம் சொல்லி அவனைத் தடுக்கப் பார்த்தேன். ஆர்சியைப் பத்தி ஒரு வார்த்தை கேட்கத் தோணல. எக்செல் ஷீட்டுல அதுக்கு ஒரு கட்டம் இல்ல, அதனால விட்டுப்போச்சு. இது என் தப்பு, எழுதி வச்சுக்கிறேன்.

அந்த வைகாசி காலையில லாரி வந்தப்ப இதெல்லாம் எங்க நினைவுல இல்லங்கிறதையும் சொல்லணும். அவன் மாமாவுக்கு ஊருக்கு வெளிய ஒரு பழைய ரைஸ் மில். கும்பப்பூ அறுப்பு முடிஞ்சு நெல் காயப்போடுற சிமெண்ட் களம் சும்மா கிடந்துது. ரோட்டுல எடுக்க வேண்டாம், இங்கயே பார்ப்போம்னு அங்க இறக்கினோம். ஆழ்ந்த பச்சை நிறம், மூக்குல மஞ்சள் பட்டை. பத்தொன்பது மாசமா போன் ஸ்கிரீன்ல ரெண்டு விரலால பெருசாக்கிப் பார்த்த சாமான் முன்னால நிக்குது. அவன் கிட்டப் போகல. கொஞ்ச நேரம் சுத்திச் சுத்தி வந்தான். அப்புறம் சட்டையால கண்ணாடியைத் துடைச்சான். வண்டிக் கண்ணாடியை இல்ல, அவன் மூக்குக் கண்ணாடியை.

உள்ள உட்காரறது ஒரு வித்தை. முதல்ல சீட் மேல ஏறி நின்னு, காலை உள்ள விட்டு, அப்படியே சறுக்கணும். உட்கார்ந்தா தரை கைக்கு எட்டும். பவர் ஸ்டியரிங் கிடையாது, கிளட்ச் கல்லு மாதிரி. பெட்ரோல் முள் அசையவே இல்ல. ஸ்டார்ட் பண்ணினதும் மில் கூரையில இருந்த புறா அத்தனையும் பறந்துது. முதல் தடவை ஆஃப் ஆச்சு, ரெண்டாவதும் ஆஃப். மூணாவது தடவை நகர்ந்துது.

களத்தோட நீளத்துக்கு ரெண்டாவது கியருக்கு மேல போக வழியில்ல. எவ்வளவு வேகம் போயிருக்கும், 35 இருக்கலாம். தரையை ஒட்டி, காத்து மூஞ்சியில அடிக்க, சக்கரம் திரும்புறது கண்ணால தெரிய, அந்த 35 எனக்கு 100 மாதிரி இருந்துது. பதர் தூசி எழும்பி எங்க வாயெல்லாம். மில் நாய் பின்னாடியே ஓடி வந்துது. அவன் சிரிச்சானா கத்தினானான்னு தெரியல, இன்ஜின் சத்தத்துல ஒண்ணும் கேட்கல. பன்னிரண்டு சுத்து. அப்புறம் என்னை ஓட்டச் சொன்னான். நான் நாலு சுத்து ஓட்டினேன். இறங்குறப்ப பக்கவாட்டு சைலன்சர்ல கெண்டைக்கால் பட்டுத் தோல் உரிஞ்சுது, தழும்பு இன்னும் இருக்கு. இப்படி ஒரு காலை எந்த ஃபண்டும் எனக்குக் கொடுத்ததில்ல. பொய் சொல்லி உங்ககிட்ட எதுக்கு?

வாட்ச்மேன் அண்ணாச்சி எல்லாத்தையும் பார்த்துட்டு பீடியை அணைச்சுட்டு வந்து கேட்டார்: "தம்பி, இது எத்தன மூட்ட தாங்கும்?"

இதே ஆசையை வேற வழியில நிறைவேத்தியிருக்க முடியுமான்னா, முடியும். மாசம் 20,000 வச்சு மூணு வருஷம் ஆர்டி போட்டா, 7 சதவீதத்துல சுமார் 8 லட்சம் சேரும். 62,000 சம்பளத்துல வீட்டோட இருக்கிறவனுக்கு அது கஷ்டம், ஆனா முடியும். அந்த 8 லட்சத்தோட, முறையான ஆர்சியோட எப்பவாவது விலைக்கு வர்ற பழைய ஃபாக்டரி ரோட்ஸ்டரைத் தேடலாம். இல்ல, ரோடே வேண்டாம்னு முடிவு பண்ணி, டிராக்குக்குன்னே ஒண்ணு கட்டலாம். கோயம்புத்தூர்ல கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கு, சென்னை பக்கம் இருங்காட்டுக்கோட்டையில டிராக் இருக்கு. டிரெய்லர்ல ஏத்திட்டுப் போய் ஓட்டிட்டு வரலாம். இவன் காருக்கும் இப்ப மிச்சம் இருக்கிற நேர்மையான வழி அதுதான்னு நான் சொல்லிக்கிட்டு இருக்கேன். போக வர டிரெய்லர் வாடகை விசாரிச்சோம், ரெண்டு மாச இஎம்ஐ ஆகும். யோசிக்கிறான்.

நுகர்வோர் கோர்ட் இன்னொரு வழி. 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம்தான். 5 லட்சத்துல இருந்து 10 லட்சம் வரை கொடுத்த பொருளுக்கு ஃபீஸ் வெறும் 200 ரூபாய். வக்கீல் கட்டாயம் இல்ல, ஆன்லைன்லயே தாக்கல் பண்ணலாம். பிரச்சினை எழுந்ததுல இருந்து ரெண்டு வருஷம்தான் கெடு. பேங்க் டிரான்ஸ்ஃபர் மூணும் இருக்கு, "ரோட்டுல ஓட்ட எந்தப் பிரச்சினையும் வராது சார்"னு சொன்ன வாய்ஸ் மெசேஜும் இருக்கு. கேஸ் போட்டா ஜெயிக்கலாம்னுதான் எனக்குத் தோணுது. ஆனா காசைத் திருப்பிக் கேட்டா காரைத் திருப்பிக் கொடுக்கணும். அங்கதான் அவன் நிக்கிறான். ரெண்டு தடவை புகாரை டைப் பண்ணிக் கொடுத்தேன், ரெண்டு தடவையும் "பொங்கல் கழியட்டும் மக்கா, பாப்போம்"னு சொல்லி வச்சுட்டான். வண்டி வந்து ஏழு மாசம் ஆச்சு.

தேரோட்டத்தன்னைக்குக் கிளம்புறப்ப ஷெட்டைத் திரும்பிப் பார்த்தேன். தார்ப்பாய் மேல அம்மா மோர் மிளகாய் காயப் போட்டிருந்தாங்க. அவன் அதை ஒவ்வொண்ணா ஓரமாத் தள்ளி, தார்ப்பாயைத் தூக்கி, பேட்டரியை சார்ஜர்ல மாட்டிக்கிட்டு இருந்தான்.